பாவாயி கூண்டுக்குள் போன விதம்

மே 3, வெள்ளி

இந்த டைரி மாப்பிள்ளைக்கு அவர் கம்பெனியில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஒரு எழுத்துகூட இல்லாமல் கிடந்தது. பேத்தி சம்யுக்தா என் கையில் கொடுத்து, "அம்மாயி, எனக்குப் பரீட்சை. நான் வர்றதுக்கு இருட்டிரும். சாயங்காலம் நீதான் அதுகளை வெளிய உடோணும். என்ன தின்னுச்சு, எப்படி உள்ள போச்சுன்னு இதுல எழுதி வையி" என்றாள்.

எழுதி வைத்துத்தான் எனக்கு ஞாபகம் வரவேண்டும் என்பதில்லை. என் கல்யாணத்தில் இலையில் உட்காராமலே போனவர்கள் யார் யார் என்று கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். பிள்ளை கேட்டதால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

'அதுகள்' என்றால் சின்சில்லா. இரண்டு பெட்டை. எலி என்று சொன்னால் சம்யுவுக்கு முகம் சுருங்குகிறது. முயலின் காது, அணிலின் வால், பூனைக்குட்டி அளவு உடம்பு, சாம்பல் நிறம். மயிருக்குள் விரலை வைத்தால் விரல் காணாமல் போகிறது. குளிர் மலையில் இருக்கிற பிராணியாம். வெயில் ஆகாது. அதனால் கோயமுத்தூரில் இந்த வீட்டில் ஏசி ஓடுகிற ஒரே அறை அதுகளுக்கு. நான் வந்த பிறகு எனக்கும் அதுதான். பேத்தி தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுக்கிறாள்.

இங்கிலீஷில் ஏதோ பெயர் வைத்திருக்கிறாள். என் நாக்குக்கு வரவில்லை. பெரியது கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அதற்குப் பாவாயி என்று வைத்தேன். மற்றது சின்னது.

நான் வந்தது வெயிலுக்காக. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் இந்த வருசம் கோழிகூட நிழலைவிட்டு வெளியே வரவில்லை. "அண்ணன்கிட்டச் சொல்லீட்டு வந்தியாம்மா?" என்று மகள் பூங்கொடி கேட்டாள். காபி ஆறுகிறது என்றேன்.

மே 4, சனி

கூண்டைத் திறந்த மாத்திரத்தில் பாவாயி கட்டிலுக்குத் தாவினாள். கட்டிலிலிருந்து சுவரில் காலை வைத்து உந்தி, திரும்பி அலமாரிக்கு. சின்னது நேராக என் துணிப்பைக்குப் போய் அதன் வாரைக் கடித்தது. ஓடிக்கொண்டே புழுக்கை போடுகிறதுகள். ஆட்டுப் புழுக்கையைவிடச் சிறிது, காய்ந்தது, நாற்றம் இல்லை. அதில் குறை சொல்ல முடியாது.

உள்ளே போகத்தான் மனசு வரவில்லை. நானும் பூங்கொடியும் துண்டை விரித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினோம். கடைசியில் சம்யு வந்துதான் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியை வைத்து மடக்கினாள்.

"முன்னெல்லாம் அதுக பசிக்கிற வரைக்கும் சுத்தட்டும்னு இவ உட்டுருவா. இப்ப நீ படுக்கோணுமில்ல" என்றாள் பூங்கொடி.

"நான் உக்காந்துட்டே தூங்குவேன்."

"எழுவது தாண்டியாச்சு, உக்காந்துட்டுத் தூங்கறாளாமா. குன்னூர்ல சம்யு அப்பாவுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்கறாரு. மாசக் கடைசில வந்தா குடுத்தர்லாம். நீ எத்தனை நாள் வேணும்னாலும் இரு."

ஹாலில் சம்யு புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கம் திரும்பவில்லை.

ஆக, நான் இருந்தால் அதுகள் போகவேண்டும். நான் போனால் அதுகள் இருக்கும். மகன் வீட்டு வாசலை, அவன் பெண்டாட்டி நேரில் வந்து பேசாமல் மிதிப்பதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். அதை மாற்றுவதற்கில்லை. அப்படியென்றால் இந்த மாசத்துக்குள் இதுகள் தாமாக உள்ளே போகப் பழகவேண்டும்.

மகன் போன் வந்தது. எடுக்கவில்லை.

மே 6, திங்கள்

பாவாயியைக் கையால் பிடித்தேன். நல்ல பிடி. கோழி பிடித்த கை இது. பிடித்த இடத்து மயிர் மொத்தமாகக் கழன்று என் கையில் வந்துவிட்டது. அவள் அலமாரி மேல் போய் நின்றாள். விலாவில் நாலணா அகலத்துக்கு வெறும் தோல்.

பயந்துபோய்விட்டேன். சம்யு வந்து பார்த்து, "அதுக்கு வலிக்காது அம்மாயி. பிடிச்சா மயிரை உட்டுட்டுத் தப்பிச்சுக்கும். அதனோட சுபாவம் அப்படி" என்றாள். பிறகு தனியாகப் போய் மூக்கைச் சிந்தினாள்.

மே 7, செவ்வாய்

பாவாயி என்னைப் பார்த்துப் பின்னங்காலில் எழுந்து நின்று, குறிபார்த்து மூத்திரம் அடித்தாள். புடவை மாற்றினேன்.

மே 9, வியாழன்

சம்யுவுக்கு இன்று பரீட்சை இல்லை. உட்கார வைத்துச் சொன்னாள். துரத்தக் கூடாது. மடக்கக் கூடாது. கூண்டுக்குள்ளே ஓட்ஸ் ஒரே ஒரு இதழ் வைக்கவேண்டும், அதற்கு முன்னால் டப்பாவை ஒரே மாதிரி குலுக்கவேண்டும். சத்தம் கேட்டால் தீனி என்று அதுகளுக்குப் படவேண்டும்.

"ஒரு இதழா? கையில கஞ்சத்தனத்தோடயா கூப்பிடறது? ரெண்டு நெலக்கடலை போட்டா ஓடி வரும்."

"கடலை போட்டா வயிறு உப்பிச் செத்துப்போயிரும் அம்மாயி."

"செரி."

"இன்னொண்ணு. உள்ள வந்த பொறவுதான் குடுக்கோணும். வெளிய காட்டிக் காட்டி இழுக்கக் கூடாது. ஏமாத்தறதா நெனச்சுக்கும்."

அது எனக்குப் புரிந்தது.

இதுகளுக்குத் தண்ணீர்க் குளியல் இல்லை. மண்ணில்தான் குளிக்கும். வெள்ளைச் சாம்பல் போல நைசான மண், ஒரு டப்பாவில் வாங்கி வைத்திருக்கிறார்கள். சட்டியில் கொட்டினால் சுழன்று சுழன்று புரளுகிறதுகள். அந்தச் சட்டியையும் இனிமேல் கூண்டுக்குள்தான் வைக்கவேண்டுமாம், ஆசைக்கு.

மே 12, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மண் டப்பா காலி. புதிது வருவதற்கு நாள் ஆகும் என்றார்கள். சட்டி வெறுமையாக இருந்தால் உள்ளே போக மாட்டாளே என்று, ஊரிலிருந்து தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த அரப்புத்தூளைக் கொட்டினேன். மெல்லிய துணியில் சலித்த தூள். அந்த மண்ணைவிட நைஸ். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கே அதுதான்.

பாவாயி பார்த்தாள், மோந்தாள், விழவில்லை. சின்னதுதான் போய்ப் புரண்டது. தும்ம ஆரம்பித்தது, நிறுத்தவில்லை. கண்ணில் நீர். அரப்பு மூக்கில் ஏறினால் மனுசர்களே ஒரு நாழி தும்முவோம். அந்த அளவு உடம்பு எப்படித் தாங்கும்? சாம்பல் நிறத்துப் பிராணி அரப்பு அப்பிப் பச்சையாக உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோனார்கள். கண்ணைக் கழுவி சொட்டு மருந்து கொடுத்தார். பிழைத்துவிட்டது. மாப்பிள்ளை திட்டவில்லை. சம்யுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன்.

மே 13, திங்கள்

மாப்பிள்ளை போனில் பேசினார். குன்னூர்க்காரர் முப்பத்தொன்றாம் தேதி வருகிறார்.

மே 15, புதன்

மகன் குழந்தைவேலு வந்தான். உட்காரவில்லை. அறைக்குள் வந்து என் பையை எடுத்தான்.

"போலாம் வாம்மா. காரைக் கீழ நிறுத்தியிருக்கறேன்."

"பையைக் கீழ வையி."

"ஊருல என்ன நெனப்பாங்க?"

"யாரு, பாவாயியா?"

"திருட்டுப் பயத்துலதானம்மா வெளிய பூட்டீட்டுப் போனது. நான் மில்லுக்குப் போறேன். சுகந்தி பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போறா. தோட்டத்து ஊட்டுல உன்னையத் தனியா உட்டுட்டு..."

"உள்ளாலே தாப்பாப் போட எனக்குக் கையில்லையா?"

"நீ ஆர் வந்து தண்ணி கேட்டாலும் தொறந்து உட்டுருவ."

"அதுக்குன்னு?"

"சும்மா பேசீட்டிருக்காத. பொழுது போச்சுது, வா" என்று பையோடு நடந்தான். நான் பையைப் பிடித்தேன். சின்னது ஏற்கெனவே கடித்து வைத்த வார்தான். அறுந்தது. பை என்னிடம் இருந்தது, அவன் கையில் வார் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அலமாரி மேலிருந்து பாவாயியும் அதைப் பார்த்தாள்.

காபி குடிக்காமல் போய்விட்டான். வாரையும் கொண்டுபோய்விட்டான்.

மே 16, வியாழன்

சம்யு கேட்டாள், "நெசமான பாவாயி ஆரு அம்மாயி?"

சொன்னேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. என் வயசு. எனக்கும் அவளுக்கும் வாய்க்கால் விசயத்தில் பேச்சு நின்று நாற்பது வருசம் ஆகிறது. போன மாசம் நான் கிரில் கதவுக்கு உள்ளே நின்று, கீரைக்காரியிடம் கம்பி வழியாகக் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். கட்டு பெரியது, கம்பியில் நுழையவில்லை. பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். அப்போது பாவாயி ரோட்டில் போனவள் நின்றாள். நாற்பது வருசம் பேசாதவள் பேசினாள்.

"என்ன ராமாத்தா, உள்ள வெச்சுப் பூட்டீட்டாங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூட்டு போடாத நாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சம்யு கூண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பேரை மாத்தீரு அம்மாயி, பாவம்" என்றாள். மாற்ற மாட்டேன் என்றேன்.

மே 18, சனி

மழை. முதல் மழையே நல்ல மழை.

டப்பாவைக் குலுக்கினால் இரண்டும் இப்போது வந்துவிடுகின்றன. கூண்டின் வாய்வரை வருகின்றன. முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைக்கிறாள் பாவாயி. அங்கேயே நின்று திரும்பிப் பார்க்கிறாள். உடனே ஓடிவிடுகிறாள். ஒரு வாரமாக இதே கூத்து. தீனி பிடிக்கவில்லையா, சட்டி பிடிக்கவில்லையா என்று யோசித்துப் பார்த்தேன்.

இன்றைக்குத்தான் கவனித்தேன். அவள் தீனியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். கை கதவுப் பக்கம் போகிறதா என்று பார்க்கிறாள். போனதும் ஓட்டம்.

அவளுக்கு உள்ளே போவதில் ஒன்றும் இல்லை. போனால் பூட்டுவார்கள் என்பதுதான்.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரம் போனது. பாவாயி உள்ளே போனாள். ஓட்ஸைக் கையில் பிடித்துத் தின்றாள். வெளியே வந்தாள். சின்னது போனது, வந்தது. சம்யு ஹாலிலிருந்து ஓடிவந்து, "அம்மாயி, உள்ளதான் இருந்துச்சு, ஏன் பூட்டல?" என்றாள்.

"பூட்டாத."

"அப்பறம் எப்படி?"

"பூட்டாதன்னா பூட்டாத. போயிட்டுப் போயிட்டு வரட்டும். போனா வரலாம்னு தெரியோணும் அதுக்கு."

குரல் கொஞ்சம் உசந்துவிட்டது. பூங்கொடி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 20, திங்கள்

இன்றும் பூட்டவில்லை. இரண்டு ராத்திரியாக அதுகள் சுற்றுகின்றன, நான் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். அதுகள் தாமாகப் போய் மண் குளித்து வந்தன. புது டப்பா வந்துவிட்டது. என் அரப்பைப் பையின் அடியில் வைத்துக் கட்டிவிட்டேன்.

மே 22, புதன்

பாவாயி உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தினேன். அவள் தின்பதை நிறுத்தினாள். உடனே திறந்துவிட்டேன். என்னைப் பார்த்தாள். வெளியே வரவில்லை. தின்று முடித்துவிட்டு, காதைச் சொறிந்துகொண்டு, பிறகுதான் வந்தாள்.

பூங்கொடி இதைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறதாம். வீட்டுக்குள் எல்லா அறையிலும் கிடைக்கிறது, எனக்குத் தெரியும்.

மே 25, சனி

சாத்தினேன், திறந்தேன். சாத்தினேன், காபி குடித்துவிட்டு வந்து திறந்தேன். சண்டை இல்லை. இன்று கடைசியாகச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தேன். கம்பியைக் கடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை கதவைத் திறப்பது என்று சம்யுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஏமாற்றினால் எல்லாம் போயிற்று.

மே 31, வெள்ளி

குன்னூர்க்காரர் வந்தார். நல்ல மனுசர்தான். கையில் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஓட்டை. மாப்பிள்ளை வார்த்தை கொடுத்துவிட்டதால் தலையைக் குனிந்துகொண்டே அழைத்து வந்தார். சம்யு கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் டப்பாவைக் குலுக்கினேன். அலமாரியிலிருந்து ஒன்று, கட்டிலுக்கடியிலிருந்து ஒன்று, இரண்டும் வரிசையாக உள்ளே போயின. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. சாயங்காலத்தில் அவர் இந்த அறைக்கு வருவதே இல்லை. "அட" என்றார்.

"பாத்தீங்களா, இனிமே ஒரு தொந்தரவும் இல்லீங்க மாப்ள" என்றேன்.

குன்னூர்க்காரர் அவருக்கு மேல் சந்தோசப்பட்டார். "இவ்வளவு பழகினதுன்னா எனக்கு ரொம்ப வசதிங்க" என்று பெட்டியைத் திறந்தார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளை இருமினார். சம்யு என்னைப் பார்த்தாள். நான் கூண்டுக் கதவை நன்றாகத் திறந்துவிட்டேன். "உங்க பொட்டியையும் தொறந்து கீழ வையுங்க தம்பி. கையை வெக்கக் கூடாது. அதுகளா ஏறுச்சுன்னா கூட்டீட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

அவர் வைத்தார். நான் கொடுத்த ஓட்ஸையும் பெட்டிக்குள் போட்டார். சின்னது எட்டிப் பார்த்துவிட்டு மண்சட்டிக்குப் போய்விட்டது. பாவாயி வெளியே வந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் ஆசையாகக் குனிந்து பெட்டியை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளினார். கையைப் பார்த்துவிட்டாள். பின்னங்காலில் எழுந்து நின்றாள்.

அவர் சட்டையைப் பூங்கொடி துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாள். அதுவரை மாப்பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு டிபன் சாப்பிட்டுவிட்டு, காலிப் பெட்டியோடு போனார். "இதுக்கு ஊட்டு மேல பிரியம் இருக்குதுங்க, இருக்கட்டும்" என்றார். பிறகு மாப்பிள்ளை, "இனி அந்தப் பேச்சு இல்ல" என்றார். சம்யு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏசியிலும் வேர்த்தது.

ஜூன் 2, ஞாயிறு

சுகந்தி வந்தாள். மருமகள். தனியாக, பஸ்ஸில்.

"நல்லா இருக்கறீங்ளா அத்தை?" என்றாள். இருக்கிறேன் என்றேன். எதிரில் உட்கார்ந்தாள். வா என்று கூப்பிடுவாள், அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே வரிசையாக இருந்தது. அவள் கூப்பிடவில்லை. கூண்டைப் பார்த்தாள். அதுகள் போய் வருவதைப் பார்த்தாள். ஒரு முறை சிரித்தாள்.

கிளம்பும்போது சொன்னாள்: "கிரில்லுல வெளிப் பூட்டு மாட்டற கொண்டியை அறுத்து எடுத்தாச்சுங்க. உள்ளால பெரிய தாப்பாப் போட்டிருக்குது, உங்க கைக்கு எட்டற ஒசரத்துல. ஆர் வந்தாலும் தெரியற மாதிரி பக்கத்துல சின்ன சன்னல் ஒண்ணு." பிறகு, "பாவாயம்மா சொன்னது எனக்கு இப்பத்தான் தெரியுமுங்க. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன்" என்றாள்.

என் பைக்குப் புது வார் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வந்ததிலிருந்து போகும்வரை. யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? பூங்கொடியைக் கேட்டேன். மொட்டைமாடியில் துணி காய்கிறது என்று போய்விட்டாள்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

ஊரில் மழை பெய்திருக்கிறதாம். வெயில் போய்விட்டால் இங்கே இருக்க எனக்கு வேலையில்லை. நாளைக்குக் கிளம்புகிறேன்.

"ஊடு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வர்றேன். பிடிக்கலைன்னா திரும்பி வருவேன்" என்று பூங்கொடியிடம் சொன்னேன்.

"வாம்மா. கதவு தொறந்துதான் இருக்கும்" என்றாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்.

ஜூன் 10, திங்கள்

டைரியைச் சம்யு திருப்பிக் கேட்கவில்லை. கொண்டுவந்துவிட்டேன். அதுகள் தினமும் ஒழுங்காகப் போகின்றன, பாவாயி டப்பா குலுக்குமுன்பே போய் உட்காருகிறாள் என்று போனில் சொன்னாள்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. சுகந்தி காலையில் போனாள். மகன் மில்லுக்குப் போனான். நான் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். எண்ணெய் போட்டிருக்கிறார்கள். சத்தமில்லை. மதியம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கீரை வாங்கினேன், கட்டு முழுசாக.

சாயங்காலம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கிரில் தட்டுகிற சத்தம். "அத்தை, தொறங்க" என்று சுகந்தி. சின்ன சன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் பை, கையில் ஒரு பொட்டலம். அவளுக்குப் பின்னால் ரோட்டில் பாவாயி, நெசமான பாவாயி, போகிறவள் நின்றாள்.

"என்ன சுகந்தி, வெளிய வெச்சுப் பூட்டீட்டாளா?"

சுகந்தி திரும்பி, "ஆமாங்க. அத்தை மனசு வெச்சாத்தான் உள்ள போகோணும்" என்றாள்.

எனக்குக் கை ஈரமாக இருந்தது. துடைத்தேன். இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தேன். பாவாயி பார்த்து முடித்துப் போகிறவரைக்கும் துடைத்தேன். பிறகு போய்த் திறந்தேன்.

பொட்டலத்தில் தேங்காய் பன். எனக்கென்று வாங்கியது. சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறவரை காத்திருந்து, பாதியைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தேன். உள்ளே வந்த பிறகுதான் கொடுக்கவேண்டும்.